இமையைக் காக்கும் நரம்பு

மாணவ நண்பர்களே, பேச்சைத் தொடங்குமுன் உங்களிடம் ஒரு சிறு காரியம் வேண்டுகிறேன். இரு கண்களையும் ஒரு முறை நன்றாக மூடித் திறவுங்கள். இதில் என்ன அருமை இருக்கிறது என்று நீங்கள் எண்ணலாம். நாம் விழித்திருக்கும்போது நிமிடத்திற்குச் சுமார் 15 முறை, நம்மை அறியாமலே, இமைக்கிறோம். நாள் ஒன்றுக்குப் பதினாறு மணி நேரம் விழித்திருப்பதாகக் கொண்டால், இக்கணக்குப் பதினாலாயிரத்தைத் தாண்டும். எழுத்தொலியின் மாத்திரையை அளக்க வந்த தொல்காப்பியர், கண் இமைக்கும் பொழுதையும் கை நொடிக்கும் பொழுதையும் அளவாகக் கொண்டார். அத்துணைச் சிறிய பொழுதில் நிகழ்ந்து முடிவது இச்செயல். இது நின்று போனால் என்ன நேரும், நின்றதை மீட்க அறுவை மருத்துவம் என்ன செய்கிறது என்பவையே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

இப்பொருளை நான் நூல்களிற் கற்றது உண்டு. ஆயினும் நெஞ்சில் பதியுமாறு எனக்கு இதைக் கற்பித்தது, நானே செய்த ஒரு பிழைதான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் மருத்துவத் தொழிலில் புகுந்த தொடக்க நாட்களில், ஓர் இரவு, கைத்தறி நெசவாளர் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். பேருந்து ஒன்று கவிழ்ந்ததில் சன்னற் கண்ணாடி உடைந்து, அவருடைய வலக்காதிற்கு முன்னே கன்னத்தில் ஆழமாக வெட்டியிருந்தது. இரத்தப் பெருக்கை நிறுத்தினேன், காயத்தைக் கழுவினேன், தழும்பு தெரியாதபடி மிக நுண்ணிய தையலாகத் தைத்தேன். மறுநாள் கட்டை அவிழ்த்துப் பார்த்தபோது தையல் அழகாக அமைந்திருந்தது கண்டு எனக்குள் சிறிது செருக்கும் உண்டாயிற்று. முகம் வீங்கியிருந்தது, வீக்கம் வடிந்தால் எல்லாம் சரியாகும் என்று சொல்லி வீட்டிற்கு அனுப்பிவிட்டேன்.

மூன்று வாரங்கள் கழித்து அவர் திரும்பி வந்தார். வலக்கண் செக்கச் சிவந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. "ஐயா, நான் உறங்கும்போது இந்த ஒரு கண் மட்டும் திறந்தே கிடக்கிறதாம். வீட்டில் சொல்லி அழுகிறார்கள். பிள்ளைகள் பக்கத்தில் படுக்க அஞ்சுகின்றன" என்றார். கண்களை மூடச் சொன்னேன். இடக்கண் மூடியது, வலக்கண் மூடவில்லை. அதன் கருவிழி மேல்நோக்கி உருண்டது. வெண்மை மட்டுமே தெரிந்தது. காயத்தைத் தைத்த அன்று, 'கண்களை மூடுங்கள்' என்னும் இரண்டு சொற்களை நான் சொல்லியிருந்தால் அன்றே இதைக் கண்டிருப்பேன். சொல்லத் தவறினேன். கன்னத்தின் தோலைத் தைத்தேனேயன்றி, அதனடியில் அறுந்து கிடந்த நரம்பை நான் நினைக்கவேயில்லை.

அது எந்த நரம்பு? கண்ணையும் இமையையும் அசைக்க மூளையிலிருந்து நான்கு இணை நரம்புகள் வருகின்றன. ஒவ்வொரு விழியையும் திருப்ப ஆறு தசைகள் உள்ளன. அவற்றுள் நான்கை மூன்றாம் நரம்பு ஆளுகிறது. ஒன்றை நான்காம் நரம்பும், விழியை வெளிப்புறமாகத் திருப்பும் மற்றொன்றை ஆறாம் நரம்பும் ஆளுகின்றன. மேலிமையை உயர்த்தும் தசைக்கும் மூன்றாம் நரம்பே தலைவன். ஆனால் இமையை மூடும் தசை வேறு. அது கண்ணைச் சுற்றி வளையம்போல் அமைந்தது. அதற்குரியது ஏழாம் நரம்பாகிய முகநரம்பு. ஆகவே, இமை என்னும் கதவைத் திறப்பவன் ஒருவன், அடைப்பவன் மற்றொருவன். நெசவாளருக்கு அடைப்பவன் வீழ்ந்துவிட்டான்; திறப்பவன் மட்டும் தடுப்பாரின்றி இழுத்துக்கொண்டே இருந்தான்.

இந்த முகநரம்பு நெடுவழிப் பயணி. மூளையின் அடிப்பகுதியிற் புறப்பட்டு, செவியெலும்பினுள் ஒரு மில்லிமீட்டருக்கும் குறுகலான இடத்தையும் கடந்து, காதின் கீழே வெளிப்படுகிறது. பின்பு உமிழ்நீர்ச் சுரப்பியினுள் நுழைந்து, விரித்த கைவிரல்கள்போல் ஐந்து பெருங்கிளைகளாகப் பிரிந்து நெற்றி, கண், கன்னம், வாய், கழுத்து ஆகியவற்றை அடைகிறது. அதனுள் சுமார் 10,000 நரம்பிழைகள் இருக்கின்றன.

இமை மூடாவிட்டால் கண்ணுக்கு என்ன கேடு? விழியின் முன்புறத்தில் கார்னியா என்னும் ஒளிபுகும் படலம் உள்ளது. அதில் இரத்தக் குழாய்கள் இல்லை. இருந்தால் ஒளி தடையின்றிப் புகாது. அதனைக் கழுவி ஈரமாக வைப்பது கண்ணீர். கண்ணீரைப் பரப்புவது இமை. இமை நின்றுவிட்டால் படலம் உலர்கிறது. உலர்ந்த இடத்தில் புண் உண்டாகிறது. புண் ஆறினாலும் அங்கே வெண்தழும்பு நிற்கிறது. கண்ணாடியில் விழுந்த கீறலைப்போல அது பார்வையை மறைக்கிறது. கண்ணை இமை காப்பதுபோல என்று நாம் உவமை சொல்கிறோம். அஃது உவமை மட்டுமன்று, உடற்கூற்று உண்மை.

அறுந்த நரம்பை அறுந்த மின்கம்பி போலக் கருதுவோர் பலர். இரு முனைகளையும் முறுக்கி இணைத்தவுடன் விளக்கு எரியும் என்று அவர்கள் எதிர்பார்ப்பார்கள். நரம்பு அவ்வாறன்று. அஃது உயிருள்ள பொருள். 1850-ஆம் ஆண்டில் அகஸ்டஸ் வாலர் என்னும் ஆங்கில அறிஞர், தவளையின் நாவுக்குச் செல்லும் நரம்புகளை அறுத்துப் பார்த்தார். அறுபட்ட இடத்திற்கு அப்பாலுள்ள இழைகள் சில நாட்களிலேயே சிதைந்து போவதைக் கண்டார். மூலத்திலிருந்து பிரிக்கப்பட்ட பகுதி வாழ்வதில்லை. ஆனால் மூலத்தோடு ஒட்டியிருக்கும் முனையிலிருந்து புதிய இழைகள் தளிர்க்கின்றன. அவற்றின் வளரும் நுனியை நுண்ணோக்கியில் கண்டு 1890-இல் வரைந்து காட்டியவர் ஸ்பெயின் நாட்டு அறிஞர் காஹால். இவர் 1906-இல் நோபெல் பரிசைக் கோல்ஜியுடன் பகிர்ந்துகொண்டவர்.

நம் வீட்டுக் கொல்லையில் அவரைப் பந்தலைப் பார்த்திருக்கிறீர்கள். கொடியை நடுவில் அறுத்துவிட்டால், அறுபட்ட இடத்திற்கு மேலே பந்தலிற் படர்ந்திருப்பதெல்லாம் காய்ந்து உதிரும். ஆனால் பந்தல் நிற்கிறது. வேரோடு கூடிய அடிப்பகுதி தழைத்தால், புதிய தளிர் அந்தப் பந்தலையே பற்றிக்கொண்டு ஏறும். நரம்பிலும் இதுவே நிகழ்கிறது. இழைகள் சிதைந்தாலும் அவற்றைச் சூழ்ந்திருந்த உறைகள் வெறுங்குழல்களாகக் காத்து நிற்கின்றன. புதிய தளிர் அக்குழல்களுள் புகுந்து, நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வளர்ந்து, தசையைச் சென்றடைகிறது. அறுவை மருத்துவன் நரம்பை வளர்ப்பதில்லை. அடிக்கொடியின் நுனியைப் பந்தற்காலின் அருகே கொண்டுபோய் நிறுத்துவது ஒன்றே அவன் செய்வது. வளர்வது நரம்பின் வேலை.

நரம்பிற்கு நேரும் ஊறு எல்லாம் ஒரு தன்மையதும் அன்று. போரிற் காயமுற்றோரை ஆராய்ந்த ஹெர்பர்ட் ஸெட்டன் 1943-இல் அதனை மூன்று வகையாகப் பகுத்தார். முதலாவது, இழைகள் அறாமல் செய்தி கடத்தும் ஆற்றல் மட்டும் தற்காலிகமாகத் தடைபடுவது. இரண்டாவது, இழைகள் அறுந்தும் உறைகள் முழுமையாய் இருப்பது. மூன்றாவது, நரம்பே துண்டாகிவிடுவது. முதலிரண்டும் பெரும்பாலும் தாமே குணமடையும். மூன்றாவதற்கே கத்தியும் ஊசியும் வேண்டும்.

இவ்வேறுபாட்டை நீங்கள் மறவாமல் இருத்தல் நன்று. காலையில் எழும்போது முகம் ஒரு பக்கம் கோணிக் கண் மூடாமல் இருப்பதைக் கண்டு திடுக்கிடுவோர் உண்டு. இதனைப் பெல் வாதம் என்பர். முகநரம்பை ஆராய்ந்த ஸர் சார்லஸ் பெல்லின் பெயரால் வந்த வழக்கு. இதில் நரம்பு வீங்கி எலும்புக் குழலினுள் நெருக்குண்கிறதேயன்றி அறுவதில்லை. பத்துப் பேரில் ஏழு பேருக்கு மருந்தின்றியே முற்றும் குணமாகிறது. மூன்று நாட்களுக்குள் மருத்துவர் ஸ்டீராய்டு மருந்தைத் தொடங்கினால் குணமடைவோர் தொகை இன்னும் கூடும். ஆயினும் முகக் கோணலுக்கு மூளையில் நேர்ந்த கேடும் காரணமாகலாம். ஆதலால், தானே சரியாகும் என்று வீட்டில் காத்திருத்தல் தவறு. உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

நெசவாளருக்கு நேர்ந்தது மூன்றாம் வகை. வெட்டுக் காயத்தில் நரம்பு அறுந்தால், கூடுமானவரையில் முதல் மூன்று நாட்களுக்குள் இணைத்துவிடுதல் நலம். காரணம் இதுதான்: தசையோடு ஒட்டியிருக்கும் முனை, உயிர் பிரியுமுன் சுமார் 72 மணி நேரம் மின்தூண்டலுக்கு அசைவு காட்டுகிறது. மெல்லிய மின்முனையால் தொட்டால் தசை துடிக்கும்; இந்த முனைதான் இமைக்குப் போவது என்று அடையாளம் தெரியும். அதன் பின்பு அது வாய்திறவாது. தழும்பிற்கிடையே நூலிழைபோல் கிடக்கும் அதைக் கண்ணால் மட்டுமே தேட வேண்டும். அந்த மூன்று நாட்களை என் கவனக்குறைவு விழுங்கிவிட்டது.

அவரைச் சென்னைக்கு அழைத்துச் சென்று என் ஆசிரியரிடம் ஒப்படைத்தேன். அவர் என்னைக் கடியவில்லை. "முதலில் கண்ணைக் காப்பாற்று, நரம்பைப் பிறகு பார்ப்போம்" என்றார். பகலெல்லாம் செயற்கைக் கண்ணீர்த் துளி, இரவில் களிம்பு, இமையை மூடி ஒட்டும் பட்டை, இவற்றோடு இமைகளின் வெளியோரத்தைச் சிறிது சேர்த்துத் தைத்தோம். கண்ணின் சிவப்புத் தணிந்தது. நான்காம் வாரத்தில் நரம்பு அறுவை நடந்தது.

அன்று நான் அருகில் நின்று உதவினேன். பெரிதாக்கிக் காட்டும் நுண்ணோக்கியின் கீழ் வேலை நடந்தது. அறுவைக் கூடத்திற்கு நுண்ணோக்கியை முதன்முதல் கொண்டுவந்தவர் ஸ்வீடன் நாட்டுச் செவி மருத்துவர் நிலேன், ஆண்டு 1921. ஆசிரியர் தழும்பினுள் நெடுநேரம் தேடி இரு முனைகளையும் கண்டெடுத்தார். நைந்த நுனிகளை நறுக்கியபின் இடையில் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி இருந்தது. இழுத்துத் தைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். கூடாது. இழுவிசையில் இருக்கும் இணைப்பில் தழும்பு மிகும். தளிர் அதனுள் சிக்கி நின்றுவிடும். இழுத்துத் தைப்பதைவிட இடையில் ஒட்டு வைப்பதே மேல் என்பதை 1970-களில் வியன்னாவைச் சேர்ந்த மிலேஸி தெளிவாக்கினார்.

ஒட்டுக்கு வேண்டிய நரம்பு எங்கிருந்து கிடைக்கும்? நம் கணுக்காலின் வெளிப்புறத்தில் ஓர் உணர்ச்சி நரம்பு ஓடுகிறது. அதை எடுத்துவிட்டால் பாதத்தின் வெளியோரத்தில் மரமரப்பு உண்டாகுமேயன்றி நடைக்குக் குறைவில்லை. அதிலிருந்து ஒரு துண்டை எடுத்து, முறிந்த பந்தலுக்கு இடையே வைக்கும் கழிபோல வைத்தார்கள். தைத்த நூலின் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்கு. தலைமயிரின் கனத்திற் பாதிகூட இல்லை. நரம்பின் மேலுறையை மட்டும் ஊசி தொட்டது. உள்ளிழைகளை எவரும் தைப்பதில்லை, தைக்கவும் இயலாது.

பின்பு காத்திருத்தல். நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் என்று நான் கணக்கிட்டு வைத்திருந்தேன். ஆனால் தளிர் கிளம்பச் சில வாரமும், இரு இணைப்புகளைக் கடக்கச் சில வாரமும் ஆகும். மாதந்தோறும் அவர் வருவார், கண்களை மூடச் சொல்வேன், இமை அசையாது. தசைக்கும் பொறுமைக்கு எல்லை உண்டு. ஓராண்டு, ஒன்றரை ஆண்டு நரம்பின்றிக் கிடந்தால் அது மெலிந்து, பின்னர் நரம்பு வந்தாலும் ஏற்கும் ஆற்றலை இழக்கும். நான்காம் மாதம் அவர், "ஐயா, இனி வர வேண்டுமா?" என்று கேட்டார். பறிபோன தறிக்கூலியை எண்ணிக் கேட்கிறார் என்பது எனக்கு விளங்கியது. "இன்னும் ஒரு முறை வாருங்கள்" என்றேன். ஐந்தாம் மாதம் கீழிமையின் ஓரத்தில் ஒரு சிறு துடிப்புத் தெரிந்தது. ஓராண்டு நிறையுமுன் இமை முழுவதும் மூடியது.

ஆனால் ஒரு புதுமையும் கூட வந்தது. அவர் சிரித்தால் வலக்கண் தானே சிறிது மூடிக்கொண்டது. வாய்க்குரிய இழைகள் சில, இமைக்குரிய குழலினுள் வழிதவறிப் புகுந்துவிட்டன. முகநரம்பு மீள வளரும்போது இது பலருக்கும் நேர்வது. உமிழ்நீருக்குரிய இழைகள் கண்ணீர்ச் சுரப்பியை அடைந்துவிட்டால், உணவைக் கண்டதும் கண்ணீர் வரும். இதனை முதலைக் கண்ணீர் என மருத்துவர்கள் கூறுவர். கண்ணாடியின் முன் அமர்ந்து, வாயை மெல்ல அசைத்துக்கொண்டே கண்ணைத் திறந்து வைக்கப் பழகுவதால் இக்குறையைக் குறைக்கலாம். நரம்பு வழிதவறினாலும், மூளை கற்றுக்கொள்ள வல்லது.

மூளைப் பக்கத்து முனையே இல்லாமற் போனால் என் செய்வது? கட்டியை நீக்கும்போது நரம்பு அடியோடு போய்விடுவதுண்டு. அப்போது வேறு நரம்பைக் கடன் வாங்குவார்கள். 1895-இல் லண்டனில் ஸர் சார்லஸ் பாலன்ஸ், தோளுக்குச் செல்லும் நரம்போடு முகநரம்பை இணைத்தார். அதில் தோளை அசைத்தால் முகமும் அசையும் சங்கடம் இருந்தது. பின்னர் நாவின் நரம்பும், மெல்லும் தசையின் நரம்பும் கடன் கொடுத்தன. 1970-களின் தொடக்கத்தில் இன்னொரு வழி பிறந்தது: நல்ல பக்கத்து முகநரம்பின் கிளை ஒன்றிலிருந்து, கணுக்கால் நரம்பைப் பாலமாக முகத்தின் குறுக்கே செலுத்தி, செயலற்ற பக்கத்திற்கு உயிர் கொடுப்பது. அந்நெடுவழியைக் கடக்கப் பல மாதங்கள் ஆகுமாதலால், தாய் வரும்வரை செவிலி குழந்தையைக் காப்பதுபோல், நாவின் நரம்பிலிருந்து சிறு பங்கை இடைக்காலத்திற்குத் தசைக்கு அளிப்பதும் உண்டு.

நரம்பும் தசையும் இரண்டுமே பயன்படாமற் போன இடத்திற்கும் வழி இருக்கிறது. அவ்வழியில் நம் வேலூருக்குப் பெரும் பங்கு உண்டு. தொழுநோய்க் கிருமி நரம்பின் உள்ளேயே குடியிருந்து அதை அழிக்கிறது. கன்னத்தெலும்பின் மேல் தோலை ஒட்டி ஓடும் இமை நரம்பு அதற்கு எளிய இரை. அறுந்த முனையே இல்லாத இந்நோயில் ஒட்டுவதற்கு ஒன்றுமில்லை. இப்போது பற்களை இறுகக் கடித்துக்கொண்டு நெற்றிப்பொட்டில் விரலை வையுங்கள்; அங்கே ஒரு தசை புடைப்பதை உணர்வீர்கள். அதனை ஆள்வது ஐந்தாம் நரம்பு. தொழுநோய் அதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறது. அத்தசையின் ஒரு பகுதியைத் திருப்பி, பட்டைபோன்ற இழைகளால் இரு இமைகளின் ஓரமாகக் கண்ணின் உள்முனை வரை கொண்டுபோய்க் கட்டும் முறையை 1934-இல் கில்லீஸ் வெளியிட்டார். 1946-இல் வேலூருக்கு வந்த பால் பிராண்டும் அவருடன் உழைத்தோரும், வேலூரிலும் 1955-இல் தோன்றிய கரிகிரி நிலையத்திலும், தொழுநோயால் சிதைந்த கைகளையும் முகங்களையும் சீர்செய்யும் கலையை வளர்த்தார்கள். இவ்வறுவை பெற்றவர் பல்லைக் கடித்தால் கண் மூடும். ஆகையால் நினைவோடு அடிக்கடி பல்லைக் கடிக்கப் பழக வேண்டும். நாம் நினையாமற் செய்வதை அவர் நினைந்து நினைந்து செய்கிறார். இதனினும் எளிய வழி, மேலிமையினுள் ஏறக்குறைய ஒரு கிராம் தங்கத்தையோ பிளாட்டினத்தையோ வைத்துத் தைப்பது. நிற்கும்போதும் உட்காரும்போதும் அந்தப் பாரமே இமையைத் தாழ்த்தும்.

இமையைப் போலவே விழியை அசைக்கும் நரம்புகளையும் தைக்க முடியுமா? அவை மண்டையோட்டின் ஆழத்தில், பெரும் இரத்தக் குழாயின் அருகே செல்பவை. எனினும் அங்கும் மருத்துவர் முயன்றிருக்கிறார்கள். கட்டிகளை நீக்குகையில் அறுபட்ட மூன்றாம் நரம்பு முதல் ஆறாம் நரம்பு வரையுள்ளவற்றை இணைத்த அனுபவத்தை 1992-இல் லலிகம் சேகரும் அவருடைய குழுவினரும் வெளியிட்டனர். இதில் ஆறாம் நரம்பின் நிலை நல்லது. அதற்கு உரிய தசை ஒன்றே ஆதலால், வளரும் இழை வழிதவற இடமில்லை. மூன்றாம் நரம்போ நான்கு விழித்தசைகளுக்கும் இமைக்கும் பாவைக்கும் இழைகளைச் சுமப்பது. மீள வளரும்போது அவை மாறிப் புகுந்தால், கீழே நோக்கும்போது இமை தாழாமல் மேலே ஏறும். இணைப்பது கை, ஆனால் எந்த இழை எந்த வீட்டை அடையும் என்பதைக் கை ஆள இயலாது. அறுவை மருத்துவத்தின் எல்லை இன்றும் அங்கேதான் இருக்கிறது.

நெசவாளரின் கதையை முடித்துவிடுகிறேன். அவர் தறிக்குத் திரும்பினார். இரவில் இரு கண்களும் மூடி உறங்கினார். ஆனால் அந்த முதல் மூன்று வாரங்களில் கார்னியாவில் உண்டான புண், ஒரு மெல்லிய மூட்டமாக நின்றுவிட்டது. வலக்கண்ணால் மட்டும் பார்த்தால் பாவில் ஒற்றையிழை அறுந்ததை இனம் காண முடியவில்லை என்று சொன்னார். குறையாகச் சொல்லவில்லை; நான் கேட்டதற்கு விடையாகச் சொன்னார். நரம்பு திரும்ப வளர்ந்தது. இழந்த தெளிவு வளரவில்லை.

உங்களில் சிலர் மருத்துவம் கற்கச் செல்வீர்கள். முகத்திற் காயம்பட்டவர் எவராயினும், ஊசியை எடுக்குமுன் அவரைக் கண்களை மூடச் சொல்லுங்கள். நெற்றியைச் சுருக்கச் சொல்லுங்கள். பல்லைக் காட்டச் சொல்லுங்கள். அதற்கு அரை நிமிடம் போதும். மற்றவர்கள், வீட்டில் எவருக்கேனும் இமை மூடாமற் கண்டால், அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அதுவரை கண் உலராமற் காப்பாற்றுங்கள். ஒரு மாத்திரைப் பொழுதில் நாம் செய்துவிடும் செயலை மீட்க, அந்த மனிதர் ஓராண்டு காத்திருந்தார். நான் அரை நிமிடம் செலவிட்டிருந்தால், அவர் பார்வையில் மூட்டம் படிந்திராது.